காற்றின் பிசுக்கு



தலைப்பை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அறக்கட்டளைக் குழுவினர் சொன்னபோது, ஒரு பழைய கடனைத் தீர்க்க இதைவிட நல்ல மேடை அமையாது என்று நினைத்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். அதில் முதல் பன்னிரண்டு ஆண்டுகள், விமானம் எப்படி மேலெழுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குத் தவறாகவே சொல்லிக்கொடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நான் படித்த கையேடுகளிலும் அப்படித்தான் இருந்தது.

கரும்பலகையில் இறக்கையின் குறுக்குவெட்டை வரைவேன். மேலே வளைவு, கீழே தட்டை. முன்விளிம்பில் காற்று இரண்டாகப் பிரிகிறது. மேலே போகும் காற்றுக்கு வளைந்த பாதை, நீளம் அதிகம். கீழே போவதற்கு நேர்பாதை. இரண்டும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஆகவே மேற்காற்று வேகமாக ஓடியாக வேண்டும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும், இது பெர்னௌலி தேற்றம். மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம், விமானம் உயர்கிறது. படத்தோடு எழுதினால் ஐந்து மதிப்பெண்.

ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், டிவியில விமான சாகசம் காட்டினாங்க. தலைகீழாப் பறந்துச்சு சார். அப்ப அந்த வளைவு கீழ வந்துடுமே? தரையைப் பாத்துல்ல இழுக்கணும்?" என்னிடம் பதில் இல்லை. போர் விமானம், இன்ஜினுக்குச் சக்தி அதிகம் என்று ஏதோ சொல்லி உட்கார வைத்தேன். உட்கார்ந்தான். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதன் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கதையில் எங்கே ஓட்டை என்று முதலில் பார்த்துவிடுவோம். மேலே போன காற்றும் கீழே போன காற்றும் பின்விளிம்பில் ஏன் சந்திக்க வேண்டும்? சத்தியம் செய்துகொண்டா பிரிந்தன? இயற்பியலில் அப்படியொரு விதி கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி, காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டு விட்டுச் செலுத்திப் படமெடுத்து, 2003இல் ஆசிரியர்களுக்காகவே ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றாகக் கிளம்பிய புகையில் மேற்பகுதி பின்விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. கீழ்ப்பகுதி அப்போதுதான் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் மறுபடி சேருவதே இல்லை. மேற்காற்று வேகமாக ஓடுவது உண்மைதான். என் கரும்பலகைக் கதைக்குத் தேவைப்பட்டதைவிட இன்னும் வேகமாகவே ஓடுகிறது.

அந்தக் கதையின்படியே கணக்குப் போட்டாலும் விமானம் எழும்பாது. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பறக்கும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாரத்தோடு 1,111 கிலோ. இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் இறக்கை கிட்டத்தட்ட 69 கிலோவைச் சுமக்க வேண்டும். மேற்பாதை 2 சதவீதம் நீளம் என்று வைத்துக்கொண்டு, நொடிக்கு 30 மீட்டர் வேகத்தைச் சமன்பாட்டில் போட்டேன். கிடைத்தது சதுர மீட்டருக்கு இரண்டேகால் கிலோ. என் பன்னிரண்டு வருடப் பாடத்தின் எடை அவ்வளவுதான். சாகச விமானங்கள் பலவற்றில் இறக்கையின் மேல்வளைவும் கீழ்வளைவும் ஒன்றுபோலவே இருக்கும். காகித விமானத்தின் இறக்கையில் வளைவே கிடையாது. அவையும் பறக்கத்தானே செய்கின்றன?

உங்கள் கையில் நிகழ்ச்சி நிரல் தாள் இருக்கிறது. அதை அச்சிட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அதன் ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கீழுதட்டருகே பிடித்துக்கொண்டு, தாளின் மேற்புறமாக ஊதுங்கள். தொங்கிய தாள் மேலெழும். வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்பதற்கு இதை நிரூபணமாகக் காட்டுவார்கள், நானும் காட்டியிருக்கிறேன். இப்போது அதே தாளை இரு விரலால் பிடித்து நேராகத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும், தாளுக்கு இணையாக மேலிருந்து கீழே ஊதுங்கள். ஒரு பக்கம் வேகக் காற்று, மறுபக்கம் அசையாத காற்று. தாள் ஊதிய பக்கம் சாய வேண்டுமே? சாய்வதில்லை. பெர்னௌலி தவறு செய்யவில்லை. ஒரே ஓட்டத்தில் வரும் காற்றை அதனோடே ஒப்பிடச் சொன்னார் அவர். உங்கள் வாயிலிருந்து வந்த காற்றையும் அரங்கக் காற்றையும் ஒப்பிடச் சொல்லவில்லை.

இரண்டு சோதனைக்கும் என்ன வேறுபாடு? முதலாவதில் தாள் வளைந்திருந்தது. ஊதிய காற்றும் அந்த வளைவோடு வளைந்தது. சூட்சுமம் அங்கே இருக்கிறது.

டவுன் பஸ் வேகமாக வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டு வருகிறவர் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். திரும்புகிற எதற்கும் வளைவின் உட்பக்கமாக ஒரு தள்ளல் வேண்டும். காற்றுக்குக் கம்பி ஏது? பக்கத்துக் காற்றின் அழுத்தம் ஒன்றுதான் அதைத் தள்ளும். இறக்கையின் மேல் காற்று கீழ்நோக்கி வளைகிறது என்றால், அதற்கு மேலே அழுத்தம் அதிகமாகவும், இறக்கையை ஒட்டிக் குறைவாகவும் இருந்தே ஆக வேண்டும். வெகு உயரத்தில் இருப்பது சாதாரண வளிமண்டல அழுத்தம். அங்கிருந்து இறக்கையை நோக்கி இறங்க இறங்க அழுத்தம் குறைந்துகொண்டே வரும். இப்படி ஓரிடத்தில் அழுத்தம் குறைந்திருப்பதால், முன்னால் இருந்து வரும் காற்று அதை நோக்கி வேகமெடுக்கிறது. வேகத்தால் அழுத்தம் குறைந்தது என்று நான் சொல்லிக்கொடுத்ததற்கு இது நேர்மாறு. முழு நேர்மாறு என்றும் சொல்லிவிட முடியாது. வளைந்து ஓடுவதால் அழுத்த வேறுபாடு நிலைக்கிறது. அழுத்த வேறுபாடு இருப்பதால் காற்று வளைந்து ஓடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. போயிங்கில் பல்லாண்டு வேலை பார்த்த டக் மக்லீன் இதைத்தான் தன் நூலில் பொறுமையாக விளக்குகிறார். விமானம் ஏன் பறக்கிறது என்பதை யாராலும் விளக்க முடியவில்லை என்று 2020இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் தலைப்புப் போட்டது. அந்தத் தலைப்பு எனக்கு ஒப்பவில்லை. சமன்பாடுகள் இருக்கின்றன, அவற்றை நம்பித்தான் விமானம் கட்டுகிறார்கள். 'இதனால் அது' என்று ஒற்றை வரியில் சொல்லத்தான் முடியவில்லை.

எவ்வளவு அழுத்தம் என்று கேட்பீர்கள். ஏர்பஸ் ஏ320 கிளம்பும்போது 78 டன் வரை இருக்கும். இறக்கைப் பரப்பு 122.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 636 கிலோ. பயமாக இருக்கிறது. ஆனால் நம் ஒவ்வொருவர் மீதும், இந்த மேசை மீதும், சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கு மேல் காற்று அழுத்திக்கொண்டேதான் இருக்கிறது. இறக்கையின் மேலும் கீழும் அதில் வெறும் 6 சதவீத வித்தியாசம் இருந்தால் 78 டன் மேலே போகும். இறக்கையை மேலே உறிஞ்சுகிறது என்று சிலர் சொல்வார்கள். காற்றுக்கு உறிஞ்சத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். மேலிருந்து தள்ளுவது கொஞ்சம் குறைந்துபோகிறது, அவ்வளவே.

இதையே நியூட்டன் வழியிலும் சொல்லலாம். இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. காற்றுக்கு என்ன பெரிய எடை என்று தோன்றும். இந்த அரங்கம் இருபது மீட்டர் நீளம், பதினைந்து அகலம், ஆறு உயரம் இருக்குமா? உள்ளே இரண்டு டன்னுக்கு மேல் காற்று இருக்கிறது. நாம் சுவாசித்துக்கொண்டிருப்பது ஒரு கார் எடையை. ஓடுபாதையை விட்டு நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் எழும் ஏ320, தன் 34 மீட்டர் இறக்கை அகலத்தையே விட்டமாகக் கொண்ட ஒரு காற்றுக் குழாயைக் கையாள்வதாக எளிமையாக மதிப்பிட்டால், நொடிக்கு 87 டன் காற்று. இப்படிப்பட்ட நாற்பது அரங்கங்கள், ஒவ்வொரு நொடியும். அதை நொடிக்கு ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் கீழே அனுப்பினால் போதும்.

பெர்னௌலியா நியூட்டனா என்று இன்றும் சண்டை நடக்கிறது. பற்றுப் பக்கம் சரியா, வரவுப் பக்கம் சரியா என்று கணக்குப்பிள்ளையிடம் சண்டை போடுவது போல. ஒரே கொடுக்கல் வாங்கலின் இரண்டு பதிவுகள் அவை. நியூட்டனே இதில் சறுக்கினார் என்பது வேறு கதை. காற்றை ஆலங்கட்டி மழைபோலத் தனித்தனித் துகள்களாக எண்ணினால், சாய்ந்த பலகையின் அடிப்புறத்தில் மோதும் விசை சாய்வுக் கோணத்தின் சைனின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். ஐந்து டிகிரி சாய்வில் அது நிஜ இறக்கை தருவதில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் வருகிறது. இறக்கையின் மேற்புறத்தை அந்தக் கணக்கு மறந்துவிட்டது. பறத்தல் முடியாத காரியம் என்று படித்தவர்கள் நம்பியதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டு மின்விசிறியைத் துடைத்திருப்பீர்கள். பண்டிகைக்குப் பண்டிகை அந்த வேலை எங்கள் வீட்டில் எனக்குத்தான். 48 அங்குல விசிறி நிமிடத்துக்கு 350 சுற்றுச் சுற்றினால், அதன் நுனி மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் தூசி பறந்துபோக வேண்டாமா? கறுப்பாக அப்பிக்கொண்டு கிடக்கிறது. காரணம், விசிறி இதழைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இதழோடு சேர்ந்தே சுற்றுகிறது. தூசியின் கண்ணோட்டத்தில் அங்கே காற்றே வீசவில்லை. இதைப் பாடத்தில் பாகுநிலை என்போம். நான் பிசுக்கு என்றே சொல்லிவிடுகிறேன். காற்றுக்குப் பிசுக்கு மிகவும் குறைவு. தண்ணீரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. அதனாலேயே கணிதவல்லுநர்கள் பல காலம் அதைக் கணக்கில் சேர்க்காமலே விட்டார்கள்.

விட்டதன் விளைவை 1752இல் பிரான்சின் தலாம்பேர் கண்டார். பிசுக்கே இல்லாத பாய்மம் ஒரு பொருளைச் சுற்றி ஓடினால், அந்தப் பொருளின் மேல் விசையே ஏற்படாது என்று கணக்கு வந்தது. காற்று எதிர்க்காது. தூக்கவும் தூக்காது. சாய்த்து வைத்த இறக்கையானாலும் அப்படித்தான்: அடியில் வந்த காற்று கூரான பின்விளிம்பைச் சுற்றி மேலேறி, இறக்கையின் முதுகில் கொஞ்ச தூரம் முன்னோக்கி வந்து, அதன் பிறகு பிரிந்து போகும். மொத்தத்தில் மேலும் கீழும் சமமாகிவிடும்.

நிஜக் காற்று அந்தக் கூரான விளிம்பைச் சுற்றுவதில்லை. அப்படிச் சுற்ற எல்லையற்ற வேகம் வேண்டும். சுற்றிய உடனே வேகத்தைத் திடுமெனக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய படலத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. விமானம் நகரத் தொடங்கிய முதல் கணத்தில் காற்று சுற்றப் பார்க்கிறது, முடியாமல் சுருண்டு ஒரு சுழலாகி, ஓடுபாதையிலேயே பின்தங்கிவிடுகிறது. அது ஒரு பக்கமாகச் சுழன்றால், அதற்கு ஈடாக இறக்கையைச் சுற்றி எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றோட்டம் ஏற்படுகிறது. இறக்கைக்கு மேலே அது எதிர்க்காற்றோடு சேர்ந்து வேகத்தைக் கூட்டுகிறது, கீழே குறைக்கிறது. மேற்காற்று ஏன் வேகமாக ஓடுகிறது என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. பாதையின் நீளம் இதில் எங்குமே வரவில்லை. அந்தப் பையனுக்கும் பதில் கிடைத்துவிட்டது: தலைகீழாகப் பறக்கும் விமானி மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, எதிர்க்காற்றுக்கு இறக்கை காட்டும் கோணத்தைச் சரிசெய்துகொள்கிறார். காற்று பின்விளிம்பை விட்டுக் கீழ்நோக்கிக் கிளம்பினால் போதும், முதுகு எது வயிறு எது என்று அது கேட்பதில்லை.

வீட்டில் பார்க்க ஆசையா? அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவுங்கள். ஒரு விசிட்டிங் கார்டைச் செங்குத்தாக நீரில் நிறுத்தி, போகும் திசைக்குச் சற்றே சாய்வாக வைத்து, சட்டென்று நகர்த்துங்கள். கிளம்பிய இடத்தில் ஒரு சுழல் விட்டுப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தி எடுத்தால், நின்ற இடத்தில் எதிர்த்திசையில் இன்னொன்று. இரண்டாவதாக வந்தது, அதுவரை கார்டைச் சுற்றிக்கொண்டிருந்த சுற்றோட்டம்.

இந்த உண்மை வெளிவந்த விதம் சுவையானது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் நாரை பறப்பதைப் பார்த்துப் பார்த்து, வளைந்த தகடு தட்டைத் தகட்டைவிட நன்றாகத் தூக்குகிறது என்று அளந்து, 1889இல் நூலாக வெளியிட்டார். சாய்க்காமல் வைத்தாலும் வளைந்த தகடு ஏன் தூக்குகிறது என்ற கேள்வியை மியூனிக்கில் வில்ஹெல்ம் குட்டா எடுத்துக்கொண்டு 1902இல் விடை எழுதினார். மாஸ்கோவில், லிலியென்தாலை நேரில் போய்ப் பார்த்து வந்தவரான நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி 1906இல் அதைப் பொதுவிதியாக்கினார்: காற்றின் அடர்த்தி, வேகம், சுற்றோட்டம் மூன்றையும் பெருக்கினால் இறக்கையின் ஒவ்வொரு மீட்டருக்கும் கிடைக்கும் தூக்குவிசை. இவ்வளவுதான் வாய்பாடு. லுட்விக் பிராண்டில் 1904இல் ஹைடல்பர்கில் கூடிய கணித மாநாட்டில், எனக்கு இங்கே கொடுத்திருக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில், பிசுக்கெல்லாம் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்துக்குள் அடக்கம் என்று சொல்லி முடித்தார். தலாம்பேரின் புதிர் அவிழ்ந்தது.

இங்கிலாந்தில் இதே சுற்றோட்டக் கருத்துக்குத் தானாகவே வந்துசேர்ந்தவர் பிரெடரிக் லான்செஸ்டர், பர்மிங்காமில் மோட்டார் கார் செய்தவர். 1907இல் நூலே எழுதினார். கேம்பிரிட்ஜ் கணித மரபில் வந்தவர்கள் பொருட்படுத்தவில்லை. சுழலும் டென்னிஸ் பந்து காற்றில் ஏன் திரும்புகிறது என்பதை இதே சுற்றோட்டத்தால் 1877இலேயே விளக்கியிருந்தார் ராலே பிரபு. நம் சுழற்பந்து வீச்சாளர் போடும் பந்து காற்றிலேயே இறங்குவதும் அதனால்தான். பந்து சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறது. இறக்கை சுழலவில்லையே, அதைச் சுற்றிச் சுற்றோட்டம் எங்கிருந்து வந்தது என்பது கேம்பிரிட்ஜின் நியாயமான கேள்வி. நியாயமான கேள்வியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். முதல் உலகப் போர் முடிந்து, இங்கிலாந்தின் ஹெர்மன் கிளாவர்ட் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போய்ப் பிராண்டிலின் வேலையைப் பார்த்துவந்து, 1926இல் ஆங்கிலத்தில் பாடநூல் எழுதிய பிறகுதான் இங்கிலாந்தில் அது வேரூன்றியது.

தூக்கிய பிசுக்கே கைவிடவும் செய்யும். இறக்கை எதிர்க்காற்றுக்குக் காட்டும் சாய்வைத் தாக்குகோணம் என்கிறோம். அதைக் கூட்டினால் தூக்குவிசை கூடும், சுமார் பதினைந்து டிகிரி வரைக்கும். அதற்கு மேல் போனால், இறக்கை முதுகின் பின்பாதியில் ஏறிக்கொண்டே போகும் அழுத்தத்தை எதிர்த்து ஓட எல்லைப் படலத்துக்கு வலு இருக்காது. ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் சைக்கிளை விட்டு இறங்குவதுபோல அது இறக்கையை விட்டு விலகிவிடும். தூக்குவிசை சரியும். விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். இன்ஜின் நின்றுபோவது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1896 ஆகஸ்ட் 9 அன்று லிலியென்தாலின் கிளைடர் இப்படித்தான் நடுவானில் நின்று விழுந்தது. மறுநாள் இறந்தார்.

2009 ஜூன் 1, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் போன ஏர் பிரான்ஸ் 447. அட்லாண்டிக்கின் மேல், வேகம் அளக்கும் பிட்டாட் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. தானியங்கிக் கருவி கட்டுப்பாட்டை விட்டது. ஓட்டிக்கொண்டிருந்த துணைவிமானி மூக்கை உயர்த்தினார். விமானம் ஏறக்குறைய 38,000 அடிக்கு ஏறி, வேகமிழந்து, ஸ்டால் ஆனது. இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இறக்கை முழுசாக இருந்தது. மூக்கு மேல்நோக்கியே இருந்தது. ஆனால் விமானம் கீழே போய்க்கொண்டிருந்ததால் காற்று அடியிலிருந்து வந்தது. தாக்குகோணம் 40 டிகிரியைத் தாண்டியது. மூக்கைக் கீழே தள்ளியிருந்தால் காற்று மறுபடி ஒட்டியிருக்கும். விழுகிற விமானத்தில் மூக்கைக் கீழே தள்ள மனித மனம் இசைவதில்லை. இன்னொரு கொடுமை: அளந்த வேகம் மிகவும் குறைந்தால் அது நம்பத்தக்கதல்ல என்று ஸ்டால் எச்சரிக்கை ஒலி தானாக நின்றுவிடும், சரியாக மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடி, ஒலி மறுபடி கேட்கும். மூன்றரை நிமிடம், நிமிடத்துக்குப் பத்தாயிரம் அடிக்கு மேல். 228 பேரும் இறந்தார்கள். கடலடியிலிருந்து கருப்புப் பெட்டிகள் கிடைக்க 2011 மே மாதம் ஆயிற்று.

இந்த விபத்தை வகுப்பில் சொல்லலாமா என்று தயங்கியிருக்கிறேன். விமானிகளுக்குப் பெர்னௌலி தெரியாமல் இது நடக்கவில்லை. இருட்டில், பொய் சொல்லும் கருவிகளுக்கு நடுவே நடந்தது. ஆனாலும் வளைவை மட்டும் வரைந்து தாக்குகோணத்தை விட்டுவிடும் பாடம், இறக்கை எப்போது இறக்கையாக இருப்பதில்லை என்பதைச் சொல்லவே முடியாத பாடம். ஓய்வு பெறும் முன் கடைசிப் பத்தொன்பது வருடமும் தாம்பாளத்தையும் மிளகுத்தூளையும் வகுப்புக்கு எடுத்துப் போனேன்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒன்று மட்டும். இறக்கை நுனிகளில், கீழிருக்கும் அழுத்தக் காற்று மேலே வழிந்து ஏறி, பின்னால் இரண்டு நீளமான சுழல்களாக நீண்டுகொண்டே போகும். இறக்கையைச் சுற்றிய சுற்றோட்டம் நுனியோடு முடிந்துபோவதில்லை. இந்தச் சுழல்களாகத்தான் தொடர்கிறது. விமானம் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவோ, அவ்வளவு வலுவான சுழல். மீனம்பாக்கத்தில் உங்கள் சிறிய விமானம் ஓடுபாதை முனையில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நிற்கும். முன்னால் போன பெரிய விமானம் கண்ணுக்கே தெரியாத தூரம் போயிருக்கும். ஏன் கிளம்பவில்லை என்று பக்கத்து இருக்கைக்காரர் வாட்சைப் பார்ப்பார். அந்தப் பெரிய விமானத்தைத் தூக்கிய காற்று இன்னும் ஓடுபாதைமேல் உருண்டுகொண்டிருக்கிறது, அது அடங்கட்டும் என்று விமானி காத்திருக்கிறார்.